பனிக்கட்டிக்கு அடியில் நகர்ந்த புள்ளி

யோயென்சூ நகரப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரி கெட்டியாக உறைந்து கிடந்தது. எண்முறைக் கணிதப் பாடத்துக்காக நானும் வில்யாவும் பனிக்கட்டியில் துளையிட்டு வரிசையாக வெப்பமானிகள் இறக்கியிருந்தோம். அவை அனுப்பும் அளவுகளை வைத்து, அடியில் சூடு எங்கிருந்து வருகிறது என்று கணினியில் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கணினி வரைந்த முதல் படத்திலேயே ஏரியின் நடுவில், சூட்டைக் காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. மறுநாள் அது கரைப்பக்கம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கிட்டே.

“நீ எழுதின புரோகிராம்லதான் ஏதோ ஓட்டை, சகரி,” என்றாள் வில்யா.

“ஏரியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சது யாரு? நீதானடி!”

கட்டங்களை இன்னும் சிறிதாக்கினோம். தீர்க்கும் முறையையே மாற்றினோம். வேறொரு மென்பொருளிலும் ஓட்டிப் பார்த்தோம். புள்ளி முன்னைவிடக் கூர்மையாகத் தெரிந்தது.

ஆசிரியர் ஊர்ஹோ சிரித்தார். “இந்த மாதிரிக் கணக்குல அளவு துளி பிசகினாலும் இல்லாததெல்லாம் பேய் மாதிரி வந்து நிக்கும். விடையில இருக்கிற மேடுபள்ளத்தைத் தேய்ச்சு இன்னும் கொஞ்சம் மழமழன்னு ஆக்குங்க, போயிடும்.”

அப்படியே செய்தோம். புள்ளி மங்கி மறைந்தது. படத்தை அவருக்கு அனுப்பிவிட்டோம்.

வில்யாவுக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு, புள்ளி கடைசியாக இருந்த இடத்துக்குப் போனாள். துளைக்கருவியை வைத்துச் சுற்றியதுமே அது பொசுக்கென்று உள்ளே இறங்கியது. துளையிலிருந்து ஆவி எழுந்தது. அவள் கையுறையைக் கழற்றி விரலை விட்டாள்.

“வெதுவெதுன்னு இருக்குடா.”

நான் குனிந்து தொடுவதற்குள் தண்ணீர் சில்லிட்டுப் போயிருந்தது. எங்கள் காலடியிலிருந்து, வில்யாவின் விடுதி இருந்த கரையை நோக்கி, பனிக்கட்டிக்குள் ஒரு முனகல் நீளமாக ஓடியது. நாங்கள் எதிர்ப்பக்கம் ஓடினோம்.

மாலையில், வந்திருந்த புது அளவுகளை மழமழப்பாக்காமல் அப்படியே ஓட்டினோம். ஏரியில் எங்கும் சிவப்பு இல்லை.

“அப்பாடா, போயிடுச்சு,” என்றேன்.

வில்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏரியை விட்டுப் போயிடுச்சு. சரி, எங்க போச்சு?”

அன்று அவள் விடுதிக்குத் திரும்பவில்லை. என் தங்கை அறையில் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஊருக்குள் வேறு அறை பார்த்துப் போய்விட்டாள். அவளுடைய பெட்டிகளை எடுத்துவர நான்தான் விடுதிக்குப் போனேன். மற்ற எல்லா அறைகளின் சன்னல்களிலும் உறைபனி பூத்திருந்தது. அவள் அறைச் சன்னலில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.