பெட்டி எடுக்க நாலு பேர்

சவப்பெட்டியின் முன்மூலையில் கணவன் பினு கை வைத்ததும் ஷைலஜா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க எடுக்கண்டாம்.”

“பின்ன ஆரு எடுப்பா? நான் அவனுக்க அத்தானாக்கும்.”

“எடுக்க ஆளு உண்டு.”

பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேர் வரிசையாக இருந்தார்கள். குடிமீட்பு மையத்தின் மேலாளர் விபின், சுகாதார நிலையத்துக் குடிநோய் ஆலோசகர் அனூஜ், திருச்சபைச் செயலாளர் ராஜையா. தம்பி நிபின் உயிரோடிருந்தவரை இவர்களை அவள் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்ததில்லை. இன்று மலர்வளையத்தோடு ஒரே காரில் வந்திறங்கினார்கள்.

நிபினுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் மறுபடி குடிக்க மாட்டான் என்று அதைத் தொடங்கியவர் அனூஜ். செவ்வாய்க்கிழமை விபின் அதில் எழுதினார்: ‘நிபின் டிஸ்சார்ஜ். வெள்ளறடை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மூன்று நாள் தனியாக விடக்கூடாது.’ எழுதியதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். அனூஜ் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். பயிற்சிக்காக வெளியூரில் இருந்தார், சபையில் பார்ப்பார்கள் என்று நினைத்தார். ராஜையாவும் போட்டார், அக்காள் இருக்கிறாளே என்று நினைத்தார். பாலராமபுரத்தில் துணிக்கடை வேலைக்கு நடுவே ஷைலஜாவும் அதைப் பார்த்தாள். இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அவளும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த சேலையை விரித்தாள். நிபின் தனியாக இருந்த வீட்டின் கதவை மூன்று நாளும் ஒருவரும் தட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், குடித்து ரப்பர் தோட்டத்தில் விழுந்து செத்துக்கிடந்தவனைப் மரத்தில் பால் வெட்ட வந்த தொழிலாளி தாணுதான் கண்டான்.

ஷைலஜா அந்த மூவரின் முன்னால் போய் நின்றாள்.

“எழும்புங்க. எனக்க தம்பிய எடுக்கணும்.”

“மக்கா, அது சொந்தக்காரங்க செய்ய வேண்டிய காரியமாக்கும்” என்றார் ராஜையா.

“உயிரோட இருந்தப்போ சொந்தக்காரங்களால மட்டும் முடியாது, எல்லாரும் சேந்து பிடிக்கணும்னு சொன்னியளே? பிடிங்க. அனூஜ் சாரே, இனி பயமில்ல. அவன் குடிக்க மாட்டான்.”

விபின் சட்டைப்பையிலிருந்து செல்பேசியை எடுத்தார்.

“அதில இனி ஒண்ணும் போடண்டாம்” என்றாள்.

பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். வேறு வழியில்லாமல் மூவரும் எழுந்து வந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். அனூஜின் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும், நன்றாகக் கலங்கட்டும் என்று நினைத்தாள். பாவம் என்று தோன்றவேயில்லை.

பினு மெல்ல அருகில் வந்தான். “இனி ஒரு ஆளு வேணுமே?”

“அது ஆருன்னு எனக்குத் தெரியும்.”

முந்தானையை இடுப்பில் செருகினாள். “பொம்பளைங்க பெட்டி எடுக்குற வழக்கம் இல்லியே” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் நாலாவது மூலையில் தோளைக் கொடுத்தாள்.

அவள் குள்ளம். கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கும் வழி முழுக்க, பெட்டி சரியாமலிருக்க, உயரமான அந்த மூன்று பேரும் முழங்காலை மடித்தே நடந்தார்கள்.