துள்ளினால் செத்தது

மில்லம்மா ஒரு பேட்டரியைச் சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டாள். அது துள்ளிக் குதித்து சோபாவுக்கு அடியில் உருண்டது. "செத்தது," என்றாள். அடுத்ததைப் போட்டாள். அதுவும் துள்ளியது. "இதுவும் செத்தது. செத்ததையெல்லாம் என்ன பத்திரமா எடுத்து வச்சிருக்கான் பாரு, என் மகன்!"

டிரில் மிஷினோடு வாசலில் நின்ற கீழ்வீட்டு பிளம்பருக்கு உள்ளே போவதா, அப்படியே நழுவுவதா என்று புரியவில்லை. மிஷின் கேட்டு அவள் வந்து கதவைத் தட்டியபோதே முகம் சரியில்லை.

"என்ன பெரியம்மா, சோதனையா?"

"புது பேட்டரி தொப்புன்னு அப்படியே நிக்கும். தீர்ந்துபோனது துள்ளும். வேணும்னா நீயே போட்டுப் பாரு."

அவன் போட்டுப் பார்த்தான். துள்ளியது. அடடே என்றான். பெரியம்மா இன்று தன் வாயைப் பார்க்காமலே பதில் சொல்கிறாளே என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

முப்பது வருஷம் நெசவு மில்லில் நின்றவள் என்பதால் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் மில்லம்மாதான். காதைத் தறி தின்றுவிட்டது. பதிலுக்கு ஒரு வித்தையைக் கொடுத்தது: எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். தறி இரைச்சலில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் காது மிஷின் ஒருநாள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வீட்டுக்குள் அவளுக்குப் பிழைப்பு நடந்துவிடும்.

இன்று காலையில் சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு பேட்டரி தேடி மேசை டிராயரைத் திறந்தாள். அது டிராயரா, குப்பைத் தொட்டியா? காய்ந்த பேனா, ரப்பர் பேண்டு, எதற்கென்றே தெரியாத சாவிகள், அவற்றுக்கு நடுவே பெரிதும் சிறிதுமாய் நாற்பத்து மூன்று பேட்டரிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு உறை. மேலே அவள் பெயர் இருந்ததால் பிரித்தாள். போன வாரம் பார்த்த டாக்டரின் கடிதம். இன்று என்ன கிழமை: பதில் இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும்: பதில் இல்லை, சிரிக்கிறார். கடைசியில், மறதி நோய் என்று சந்தேகம். அதற்குப் பின்னால் முதியோர் இல்லத்து விண்ணப்பம். மகன் கையெழுத்துப் போட்டிருந்தான். வருகிற சனிக்கிழமை சேர்க்கை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டாக்டர் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார். உதடு தெரியவில்லை. காதிலும் ஒரு சத்தம் இல்லை. சரி, காது மொத்தமாகப் போய்விட்டது என்று நினைத்து, அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டிச் சிரித்துவைத்தாள். இளிச்சவாய், இளிச்சவாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் டாக்டரிடம் போன அன்று காலையில்தானே மகன் "புது பேட்டரி போட்டுட்டேம்மா" என்றான்? காது மிஷினைக் கழற்றினாள். டிராயரைத் துழாவினாள். காது மிஷின் பேட்டரியின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்தால்தான் உயிர் வரும். ஸ்டிக்கரோடு ஒரே ஒரு பேட்டரி அட்டையில் அப்படியே இருந்தது. தீர்ந்துபோனவை பக்கத்திலேயே சிதறிக் கிடந்தன. அவசரத்தில் அதில் ஒன்றைப் பொறுக்கி மாட்டியிருக்கிறான், மகராசன். எதையும் தூக்கிப்போட மனசு வராது அவனுக்கு. கேட்டால், "இன்னும் கொஞ்சம் உசிரு இருக்கும்மா" என்பான். செத்த பேட்டரிக்கு அந்த இரக்கம். பெற்றவளை அனுப்ப ஒரு கையெழுத்து போதும்!

ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிஷம் பொறுத்து, மாட்டினாள். ஃபிரிட்ஜ் உறுமியது. குழாய் சொட்டியது. அதன் பிறகுதான் கீழே இறங்கிப்போய் டிரில் கேட்டாள்.

உடைந்த அலமாரியின் தட்டுப் பலகை ஒரு முழம் இருந்தது. அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பேட்டரிகளைக் குத்தி வைக்க முதல் குழியைப் போட்டபோது கையிலிருந்தது முழுக்கக் கோபம். டிரில்லின் பிட் பலகையைத் தாண்டி மருமகளின் புது மேசையிலும் இறங்கிவிட்டது.

"ஐயோ பெரியம்மா, மேசை!"

"இருக்கட்டும்."

"பிட்டுல டேப்பைச் சுத்திக்கங்க. டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்திடணும். பேட்டரியை விட ஒரு நூல் பெரிய பிட்டா போடுங்க, இல்லேன்னா உள்ள போய் மாட்டிக்கும்."

அவன் போன பிறகும் அவள் விடவில்லை. பெரியதற்கு இரண்டு வரிசை, சிறியதற்கு இரண்டு, காது மிஷின் பேட்டரிக்கு ஆழமில்லாத சின்னக் குழிகள். நடுவே பேனாவால் ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கம் 'நல்லது', மறுபக்கம் 'செத்தது' என்று எழுதினாள். மரத்தூள் தலைமுடியிலும் புருவத்திலும் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பேட்டரியாகப் போட்டுப் பார்த்தாள். நல்லது ஒன்பதே ஒன்பதுதான் தேறியது.

சாயங்காலம் கதவு திறந்தபோது அவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"ஐயய்யோ, மேசைய ஓட்டை போட்டிருக்காங்க!" மருமகளின் குரல். "வீடெல்லாம் தூளு. பேட்டரியெல்லாம் தரையில கிடக்கு. அத்தைக்கு என்னங்க ஆச்சு?"

"முத்திடுச்சு." மகன் குரலைத் தணிக்கக்கூட இல்லை. உதடு தெரியாவிட்டால் அவள் காதுக்கு எதுவும் எட்டாது என்று அவன் அவ்வளவு நம்பினான். "சனிக்கிழமை வரைக்கும் தாங்காது. நாளைக்கே கூட்டிட்டு வரலாமான்னு போன் பண்ணிக் கேக்கறேன்."

"எத்தனை மணிக்கு?" என்றாள் மில்லம்மா, திரும்பாமலே.

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான்டா கேக்கறேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்? துணிமணி எடுத்து வைக்கணுமில்ல?"

"அம்மா... உனக்கு எப்படி..."

அவன் சுற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றான். அவள் உறையையும் அதன்மேல் பொட்டளவு காது மிஷின் பேட்டரி ஒன்றையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"டாக்டர்கிட்ட போன அன்னிக்கு நீ எனக்குப் போட்ட புது பேட்டரி. எடு. கையில எடுடா. நல்லதா செத்ததான்னு பார்த்து, அதுக்கான குழியில வை."

"தெரியாம நடந்துபோச்சும்மா. நான் வேணும்னு..."

"வைடா!"

அவன் பேட்டரியை எடுத்தான். மருமகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். மில்லம்மா தரையில் கிடந்த பேட்டரிகளை மடியில் அள்ளிக்கொண்டு ஒவ்வொன்றாகச் 'செத்தது' பக்கத்தில் குத்தத் தொடங்கினாள்.

"தொண்ணூத்தி மூணு," என்றாள். குத்தினாள். "எண்பத்தாறு. எழுபத்தொம்பது."

அவன் கை பழைய பழக்கத்தில் டிராயர் பக்கம் போனது. திறந்து பார்த்தான். துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

"எழுபத்திரெண்டு. அறுபத்தஞ்சு."

விரல் நுனியில் அந்தப் பொட்டுப் பேட்டரியோடு அவன் பலகைக்கு மேலே குனிந்து நின்றான். அவள் எண்ணிக்கொண்டே போனாள்.