தூணில் குத்திய ஊசி

பழைய இரும்புக் கிடங்கின் நடுத்தூணில் ஊசி குத்தின இடத்திலேயே இருந்தது. அல்சர் என்று சொல்லி லீவில் போய், ஒரு மாதம் கழித்து வந்தவர் முதலில் பார்த்தது அதைத்தான். தகடு பிரிக்கிறவர்களின் உள்ளங்கையில் இரும்புச் சிலாம்பு ஏறாத நாள் கிடையாது. ஏறினால் நேராக இவரிடம் வந்து கையை நீட்டுவார்கள். இவர் ஊசியைப் பிடுங்கி, டப்பாவில் இருக்கும் மண்ணெண்ணெயில் ஒரு முக்கு முக்கி, பனியனில் துடைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவார். பிறகு அதே ஊசியால் தன் கையையும் பார்த்துக்கொள்வார். மண்ணெண்ணெய்க்கு எந்த விஷமும் சாகும் என்பது அங்கே எல்லோருக்கும் வேதவாக்கு. பத்தடி தள்ளி இரும்பையே வெண்ணெயாய் வெட்டும் காஸ் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஊசியைக் காட்டலாமென்று யாருக்கும் தோன்றியதில்லை. காட்டினால் முனை மழுங்கிவிடுமாம். ‘ஊசி டாக்டர்’ என்ற பெயர் இவருக்கு அப்படி வந்ததுதான்.

“வாங்க டாக்டரு! ஆஸ்பத்திரிய மூடிட்டுப் போயிட்டீங்க, இங்க நோயாளிங்க எல்லாம் கியூவுல நிக்கிறோம்” என்றார் காஸ் வெட்டுகிறவர். சிரித்தவர், இவருடைய கண்ணின் மஞ்சளைக் கிட்டத்தில் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அசல் டாக்டர் போன வாரம் சொன்னது இவர் காதை விட்டுப் போகவில்லை. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ரத்தத்தில் தொற்றுகிற ஒரு வகை, வருஷக்கணக்காக ஈரலில் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. குடியிருந்ததோடு விடவில்லை. ஈரல் செல்லின் கருவுக்குள்ளேயே புகுந்து தன் துண்டு ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட செல் ஒன்று கெட்டுப்போய், அடங்காமல் பெருகிப் பெருகித்தான் ஈரலில் இந்தப் புற்றுக்கட்டி. பிறந்த ஒவ்வொரு புது செல்லுக்குள்ளும் அந்தத் துண்டும் கூடவே பிறந்திருக்கிறது.

“கையில சிலாம்பு ஏறுற மாதிரியா டாக்டர்?”

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க.”

“அப்ப எடுத்துடலாமே?”

“கிருமி பெருகாம இருக்க மாத்திரை இருக்கு. அது சொருகுனத உருவுறதுக்கு எங்ககிட்ட ஊசி இல்லைங்க. கட்டியும் வெட்டுற நிலைய தாண்டிடுச்சு.”

வீட்டுக்காரிக்கு ரத்தம் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை என்றதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி அவளே, “என் தம்பி பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம்” என்று எதற்கோ சொன்னாள். அப்போதுதான் வார்த்த பால் திரிந்தது. அந்தத் தம்பியை இந்தக் கிடங்கில் சேர்த்துவிட்டவர் இவர். அவன் கையில் இந்த ஊசி ஏறாத வாரமில்லை. சொன்னால் முதலாளி அவனையும் சேர்த்து வெளியே தள்ளுவார். ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். ஒரு வாரம் வாயில் கொழுக்கட்டையோடு கிடந்தார். இன்று கால் தானாக இங்கே கொண்டுவந்துவிட்டது.

மச்சினன் தகட்டுக் குவியலிலிருந்து குதித்து வந்தான். வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினான்.

“நல்ல நேரத்துல வந்தீங்க மாமா. முந்தாநேத்து ஏறுனது. இவனுங்ககிட்ட காட்டினா கையவே வெட்டிடுவானுங்க.”

இவர் ஊசியைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அப்படியே நின்றார்.

“மாட்டேன் மாப்ளே.”

“என்னது?”

“எனக்கு அல்சர் இல்ல. ஈரல்ல புத்து. ரத்தத்துல ஒட்டுற கிருமியால வந்தது. இந்த ஊசி வழியா எனக்கு வந்துச்சோ, என்கிட்ட இருந்து உங்களுக்குப் போச்சோ, தெரியல. எல்லாரும் ரத்தம் குடுத்துப் பாருங்க. நீ இன்னைக்கே உம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. அவளுக்கு இருந்தாலும் பயமில்ல, புள்ள பொறந்த அன்னைக்கே ஊசி போட்டா பெரும்பாலும் தப்பிச்சுடுமாம். முன்கூட்டியே தெரியணும். அவ்வளவுதான்.”

மச்சினனின் கை நீட்டினபடியே இருந்தது.

“எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?”

“ஒரு வாரமா.”

“ஒரு வாரம்” என்றான் அவன். “அவ நேத்து கூட உங்களுக்குன்னு கஞ்சி வச்சு அனுப்பினா மாமா.”

அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் திரும்பிப் போய், ஆளுக்கு ஒரு மூலையாக நின்றவர்களுக்கு முதுகைக் காட்டித் தகட்டின்மேல் உட்கார்ந்துகொண்டான். காஸ் வெட்டுகிறவர் எழுந்து வந்தார். இவர் கையிலிருந்த ஊசியைத் தொடாமல் குறட்டால் பிடித்து வாங்கினார். நெருப்பில் காட்டினார். ஊசி சிவந்து, வெளுத்து, சொட்டாகி விழுந்தது. பிறகு அவர் கையுறையைக் கழற்றித் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மச்சினன் சிலாம்பை நகத்தால் கெல்லிக்கொண்டிருந்தான். கெல்லக் கெல்ல அது உள்ளேதான் போனது. ஒரு துளி ரத்தம் தகட்டில் விழுந்தது. தினமும் எத்தனையோ துளி விழுகிற இடம்தான். வெயிலில் அது ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது. அடுத்த லாரி வாசலில் ஹாரன் அடித்தது. அந்தத் துளியைத் தாண்டித்தான் லாரிக்குப் போக வேண்டும். ஒருவரும் கால் எடுத்து வைக்கவில்லை.