பெருநாள் துவக்கு

"மூணு வயசுப் புள்ளைக்கி துவக்கு என்னத்துக்கு?" என்று பெருநாள் கடையிலேயே கேட்டேன்.

"விசைய இழுத்தா லைட் எரியும். புள்ள ஆசப்படுறான்" என்று என் கணவர் அந்த விளையாட்டுத் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மீன் ஆணத்தோடு சோறு தின்ற பிறகு அய்மன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எங்கள் ஊரில் பிள்ளை அப்படி அழுதால் மீன்முள்தான், வேறெதையும் யோசிக்க மாட்டோம். அவர் வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினார்.

"விழுங்குங்க மகன், முள்ளு இறங்கிரும்."

இரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் வட்டமாக ஒன்று தெரிந்தது.

"விளையாட்டுச் சாமான்ல இருக்கிற சின்ன பற்றரி. தொண்டைய அரிச்சிட்டு" என்றார் டொக்டர்.

அய்மனின் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த என் கணவர் கட்டிலுக்கடியில் பற்றரி மூடி கழன்று கிடந்த துவக்கை எடுத்தார். என் முன்னாலேயே விசையை இழுத்தார்.

லைட் எரியவில்லை.