நாலாம் நம்பர் காவல் கோழி

உலகத்தில் எந்த மூலையில் ஒரு ஒட்டகம் இருமினாலும் மறுநாள் காலைக்குள் என் மேசைக்குச் செய்தி வந்துவிடும். பன்றிக்குக் காய்ச்சல், வௌவால் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தது, எங்கோ ஒரு துறைமுகத்தில் மாலுமிகளுக்குப் பேதி, எல்லாம் வரும். என் வீட்டுக் கொல்லையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கென்ன, வேலை போக இருந்தது எனக்குத்தானே.

நான் கால்நடை மருத்துவர். நோய்க் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. ஊரைச் சுற்றிச் சில வீடுகளில் காவல் கோழிகள் வளர்க்கிறோம். திருடனைப் பிடிக்க அல்ல. பறவையிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கும் குதிரைக்கும் வரும் மூளைக்காய்ச்சல் ஒன்று உண்டு. அந்தக் கொசு கோழியைக் கடித்தால் கோழிக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் மட்டும் தடயம் நின்றுவிடும். மாதாமாதம் இறக்கை நரம்பில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஆட்கள் படுக்கையில் விழுவதற்கு முன்பே நோய் ஊருக்குள் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. ஆறு கோழிகள், ஒவ்வொன்றின் காலிலும் நம்பர் போட்ட வளையம். பராமரிப்பு என் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போயிற்றே தவிர விசில் போகவில்லை. சாயங்காலம் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசில் ஊதுவார். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே! முன்னாடி எடம் காலியா இருக்கு பாரு!" கோழிகளும் வரிசையாக ஏறும். நான் ஊசியோடு போனால் இறக்கையைத் தானே விரித்துக் காட்டும் அளவுக்குப் பழக்கி வைத்திருந்தார்.

எங்கள் இயக்குநருக்கு அலுவலகத்தில் கத்திரி என்று பெயர். எதைப் பார்த்தாலும் வெட்டுவார். மின்விசிறியை வெட்டினார், டிரைவரை வெட்டினார், கடைசியில் கோழிகளிடம் வந்தார்.

"இத்தனை வருஷமா கோழிக்கு ஊசி குத்துறீங்க. என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்கிறதைக் கண்டுபிடிச்சோம் சார். அதுவும் நல்ல செய்திதானே?"

"நல்ல செய்திக்கெல்லாம் யாரும்மா செலவு பண்ணுவாங்க? இந்த மாசத்தோட திட்டத்தை மூடிடலாம். உங்களையும் வேற எங்கயாவது போட முடியுதான்னு பார்க்குறேன். முடியாதுன்னுதான் நினைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரங்களை உருட்டிய உருட்டில் பக்கத்து வீட்டு டெய்லர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாமாதான் மெதுவாகக் கேட்டார், "என்னம்மா ஆச்சு?" என்று. "ஒரு கோழி குறைஞ்சாக்கூடப் போதும் மாமா, அதையே சாக்கா வச்சுக் கடையை மூடிருவாங்க" என்று கத்தினேன். அவர் விசிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

அந்த மாத ரத்தம் எடுக்கப் போனபோது நாலாம் நம்பர் பண்ணிய அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. மாமா அதைத் துண்டால் தலையோடு மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். துண்டுக்கு வெளியே ஒரு இறக்கையும் வளையம் போட்ட காலும்தான் தெரிந்தன. ஊசி பட்டதும் அது போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"என்ன மாமா இது, புதுசா?"

"அதுக்கு இன்னைக்கு மூடு சரியில்லம்மா. நீ சீக்கிரம் எடு."

"கால் வேற பெருசா இருக்கே?"

"நல்லா சாப்பிடுதுல்ல" என்றார். எனக்கு இன்னும் நாலு வீடு போக வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. நாலாம் நம்பர் ரத்தத்தில் தடயம் இருக்கிறதாம். போன மாதம் சுத்தம், இந்த மாதம் தடயம். அப்படியென்றால் நோய் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பயப்பட வேண்டியவள் நான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதலில் சந்தோஷம்தான் வந்தது. திட்டம் பிழைத்தது, நானும் பிழைத்தேன். மற்ற ஐந்து கோழிகளுக்கும் ஏன் ஒன்றுமில்லை என்று உறுத்தத்தான் செய்தது. கொசு ஒன்றே ஒன்று வந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குள் கத்திரி உலக நோய்க் கண்காணிப்பு வலையமைப்புக்குச் செய்தி அனுப்பிவிட்டார். யாருடைய ஒட்டகம் இருமியது என்று நான் தினமும் படித்த அதே அறிக்கையில் மறுநாள் எங்கள் தெரு வந்திருந்தது. நான் பார்த்திராத நாடுகளிலிருந்தெல்லாம் போன். தெருவுக்குள் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வந்து கொசுவோடு சேர்த்து எங்களையும் புகைத்துவிட்டுப் போனது. டெய்லர் என் ஜாக்கெட்டைக் கம்பு நுனியில் மாட்டி வேலி வழியாக நீட்டினார்.

"கோழிகிட்ட இருந்து மனுஷனுக்கு வராதுண்ணே, கொசுதான் கடிக்கணும்" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். கோழிக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

அதோடு விட்டதா? வலையமைப்பிலிருந்து ஒரு நிபுணர் அம்மாள் விமானம் ஏறி வந்துவிட்டார், நாலாம் நம்பரை நேரில் பார்க்க. கத்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, புகைப்படக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே எங்கள் கொல்லையில் ஆஜர். வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே நின்றது. மாமாவை மட்டும் காணோம். தேடிப் பார்த்தால் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"எனக்கு வயித்தைக் கலக்குதும்மா. நாலாம் நம்பரை வெளிய எடுக்காதே. அதுக்கு வெயில் ஆகாது."

"அது கோழி மாமா. ஐஸ்கிரீம் இல்ல" என்று சிடுசிடுத்துவிட்டுக் கூண்டைத் திறந்தேன்.

கத்திரி நடுவில் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். "இந்தக் கோழித் திட்டத்தை நான் ஆரம்பத்துல இருந்தே பொத்திப் பொத்தி வளர்த்தேன்..." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உலகத்துக்கே எச்சரிக்கை குடுத்த கோழி இதுதான்!" என்று அவர் கை நீட்டினார். நாலாம் நம்பர் கூண்டின் மேல் தாவி ஏறியது. இறக்கையைப் படபடவென்று அடித்தது. கழுத்தை நீட்டியது.

கொக்கரக்கோ!

பிஞ்சுக் குரல்தான். கொஞ்சம் பிசிறுகூட இருந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மறுபடியும் ஒரு தடவை, இந்த முறை இன்னும் தெளிவாக. நிபுணர் அம்மாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேலிக்குப் பின்னாலிருந்து டெய்லர்தான் முதலில் வாயைத் திறந்தார். "போன மாசம் வரைக்கும் இது முட்டை போட்டுச்சே?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கத்திரியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "என்னம்மா இது? உலகம் பூரா சிரிக்கப் போகுது! சேவலை வச்சு என்னை ஏமாத்தினீங்களா? இன்னைக்கே மூடுறேன். உங்க வேலைக்கும் இன்னைக்கோட ஒரு கும்பிடு!"

குளியலறைத் தாழ் திறந்தது. மாமா வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

"அவளைத் திட்டாதீங்க சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பழைய நாலாம் நம்பரை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு கால் மட்டும்தான் மிச்சம், வளையத்தோட. ஒரு கோழி குறைஞ்சாலும் மூடிருவாங்கன்னு இவ அழுதா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அதே நிறத்துல ஒண்ணு வாங்கி வளையத்தை மாட்டி விட்டேன். பொட்டைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க." என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "உன் வேலை போயிடக் கூடாதுன்னுதாம்மா செஞ்சேன். கடைசியில நானே கெடுத்துட்டேன்."

அன்றைக்கு நான் அழவில்லை, கத்தத்தான் கத்தினேன். ஆனால் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. இந்த மனுஷன் முப்பது வருஷம் அடுத்தவர்களை இறக்கிவிட்டே பழகியவர், எனக்காக ஒரு சேவலுக்கு வளையம் மாட்டியிருக்கிறார். அவரை என்னவென்று திட்டுவது? திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் மண்டையில் சுரீர் என்றது.

"சார், ஒரு நிமிஷம். இது சேவலா இருக்கலாம். ஆனா ரத்தம் பொய் சொல்லாதே! இதை அந்தக் கொசு கடிச்சிருக்கு. அது நிஜம். எங்க வீட்டுல கடிக்கலைன்னா வேற எங்கயோ கடிச்சிருக்கு. மாமா, இதை எங்க வாங்கினீங்க?"

"பஸ்ல."

"பஸ்லயா?"

"சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்னு ஏறினேம்மா. கடைசி ஸ்டாப்ல, ஏரிக்கரையில, ஒரு அம்மா கூடையோட ஏறினாங்க. சந்தைக்கு எடுத்துட்டுப் போறதா சொன்னாங்க. அவங்க வீட்டுல வளர்ந்ததுதான். நான்தான் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்னு கண்டக்டர்கிட்ட சொல்லிக் குடுத்தேன், அதுல வந்த சண்டையில பழக்கமாயிட்டோம்."

நிபுணர் அம்மாளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சண்டையை விட்டுவிட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் கைபேசியைச் சுட்டிக் காட்டினார்.

அங்கேயே நின்றபடி ஏரிக்கரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த டாக்டர் தூங்கிப் பல நாள் ஆன குரலில் பேசினார்.

"காய்ச்சல் கேஸா? இருக்கே. அடுத்தடுத்த வீட்டுல இருந்து வர்றாங்க. தலைவலி, வாந்தி, ஒருத்தர் நினைவே இல்லாம கிடக்குறார். நாங்களும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டோம், ஒண்ணும் பிடிபடல. வெயில்னு நினைச்சோம்."

"அங்க குதிரை யாராவது வச்சிருக்காங்களா?"

"வண்டிக்காரர் ஒருத்தர் வச்சிருந்தார். ரெண்டும் தள்ளாடித் தள்ளாடிச் செத்துப் போச்சு. பாம்பு கடிச்சிருக்கும்னு சொன்னாங்க. நீங்க ஏன் கேக்குறீங்க?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். டெய்லர் வேலி மேல் சாய்ந்து காதை நீட்டிக்கொண்டிருந்தார். நிபுணர் அம்மாள் அப்போதே காரில் ஏறிவிட்டார்.

ஏரிக்கரையில் எடுத்த ரத்தம் எல்லாமே ஆமாம் என்றது. எங்கள் தெருவைப் புகைத்துக்கொண்டிருந்த வண்டிகள் அங்கே திரும்பின. தேங்கிய தண்ணீரை வெட்டி விட்டார்கள், வீடு வீடாக வலை கொடுத்தார்கள். இந்தக் காய்ச்சலுக்கென்று தனியாக மருந்து கிடையாது. கொசுவை ஒழித்தால் புதிதாக யாரும் விழமாட்டார்கள், அவ்வளவுதான். யாரும் விழவில்லை. நினைவில்லாமல் கிடந்தவர் அந்தக் கூடைக்கார அம்மாவின் வீட்டுக்காரர்தானாம். அவர் ஒரு நாள் கண்ணைத் திறந்து, தன் பெண்சாதியின் சேவல் பஸ்ஸில் போன கதையைக் கேட்டுவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாராம். டாக்டர் பயந்தேவிட்டார். சிரிப்பை அடக்கத்தான் அவர் அப்படிச் செய்தாராம்.

உலக அறிக்கையில் ஒரு வரித் திருத்தம் வந்தது: எச்சரிக்கை சரி, இடம் மட்டும் வேறு. கத்திரி திட்டத்தை மூடவில்லை. மூடாதது மட்டுமா, ஏரிக்கரையிலும் காவல் கோழி வைக்கச் சொன்னார். "பஸ்ல கோழி மாத்துறது என் யோசனைதான். நடமாடும் கண்காணிப்புன்னு பேர்" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே என் காதால் கேட்டேன். சொல்லிக்கொள்ளட்டும். என் வேலை என்னிடம் இருக்கிறது.

தடயம் வந்த பறவை காவலுக்கு ஆகாது, அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. வளையத்தைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தேன். "நீயும் ரிட்டயர்டா? வா, உட்காரு" என்று சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது விடிவதற்கு முன்பே கூவி எழுப்புகிறது என்று டெய்லர் தினமும் புகார் சொல்கிறார்.

புதிய நாலாம் நம்பர் வந்திருக்கிறது. இந்தத் தடவை பொட்டைதானா என்று நானே தலைகீழாகப் பிடித்துப் பார்த்து வாங்கினேன். மாமாதான் பழைய மாமா இல்லை. இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. நோய்ச் செய்திக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் நம்பருக்கே அடித்துவிடுகிறார். இன்றைக்கு மதியம், எங்கோ கடலுக்கு அப்பால் வாத்துகள் சாகிற செய்தியை நான் படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏம்மா, நாலாம் நம்பர் காலையில இருந்து சரியா சாப்பிடல. உலகத்துக்குச் சொல்லிடலாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.