இருபத்து நான்காம் வரி

அறையில் நான்கு பேர் இருந்தோம். மேலாளர் நீள மேசையின் தலைப்பக்கம். அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி ஜன்னலோரம், ஈரக் குடையைக் காலடியில் வைத்துக்கொண்டு. பட்டன் அக்காவின் அண்ணன் கதவருகே, நாற்காலியின் நுனியில். நான் கணினிக்கு முன்னால், மூவருக்கும் முதுகைக் காட்டியபடி.

தையல் கூடத்தில் தீப்பிடித்து, அங்கே பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்கா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "அன்னிக்கு உள்ள இருந்தவங்க பட்டியல். இருபத்தஞ்சு பேர். உங்க தங்கச்சி பேரு இல்ல. அரை நாள் லீவு கேட்டவங்க உள்ள எதுக்குப் போனாங்கன்னு எங்களுக்கே தெரியல."

அண்ணன் மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாக.

"லீவு கெடைக்கலன்னு காலையில போன்ல சொன்னாளே. சொல்லாம நுழையற ஆளு இல்லீங்க அவ."

"பட்டியல் யாரு போட்டது?" என்றார் அதிகாரி.

"கம்ப்யூட்டர் போட்டது சார்."

நான் திரும்பவில்லை.

போட்டது நான். யார் எந்த மெஷினில் என்று தினமும் காலையில் அட்டவணை நிரப்புவது என் வேலை. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து மெஷின். தலைமை அலுவலகத்துக்கு அதையே ஒருவர் கீழ் ஒருவராகப் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும். கையால் அடித்துச் சலித்து ஒரு சூத்திரம் எழுதினேன். வரி எண்ணில் ஒன்றைக் கழித்து ஐந்தால் வகுத்தால், ஈவு வரிசையைச் சொல்லும், மீதி மெஷினைச் சொல்லும். இருபத்தைந்து வரிக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அன்று முதல் எனக்குப் பெயர் 'பார்முலா'. வைத்தவர் அக்காதான்.

"எங்கள வரிசையா நிறுத்த ஒரு கணக்கா தம்பி? சாப்பாட்டு மணிய அடிச்சுப் பாரு, தானா நிப்போம்."

தீப்பிடித்ததற்கு முதல் நாள் மாலை, அக்காவின் பட்டன் மெஷினைச் சுவரோரம், துணி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பழைய இடத்தில் புது மெஷினும் புது ஆளும் போட்டார்கள். மறுநாள் காலை அட்டவணையில் ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்து, நான்காம் வரிசைக்கு நேராக அக்கா பெயரை நானே அடித்தேன். சூத்திரத்தில் ஐந்து ஐந்தாகவே இருந்தது.

தீப்பிடித்து வெளியே ஓடி வந்து வாசலில் நின்றபோது, தீயணைப்பு வீரர் பட்டியல் கேட்டார். உடனே கொடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட, இருபத்தைந்து பேரும் குரல் கொடுத்தார்கள்.

"பட்டன் அக்கா எங்கடி?" என்றாள் ஒருத்தி.

"அவங்கதான் அரை நாள் லீவு கேட்டாங்களே, போயிருப்பாங்க."

லீவு இல்லை என்று தாள் அடித்துக் கொடுத்தவனும் நான்தான். ஆனாலும் குனிந்து பட்டியலைப் பார்த்தேன். அதில் அவர் பெயர் இல்லை.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் வீரர்.

"வந்தாச்சு சார்."

அண்ணனும் அதிகாரியும் போன பிறகு மேலாளர் என் தோளில் கை வைத்தார். "அவருக்கு ஒரு லெட்டர் அடி. அனுமதி இல்லாம உள்ள போனாங்கன்னு. பதமா எழுது, நீதான் அதுல கெட்டிக்காரனாச்சே."

"சார், அட்டவணையில அவங்க..."

"செத்தவங்க எந்திரிச்சு வரப்போறாங்களா? உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. பாத்துக்கோ."

அவர் போனதும் சூத்திரத்தில் ஐந்தை அழித்து ஆறு என்று அடித்தேன். முப்பது வரிக்கு இழுத்தேன். இருபத்து நான்காம் வரியில் அக்கா பெயர் வந்து நின்றது. ஒரே ஓர் எண்.

கடிதத்தை எனக்குப் பழக்கமான முறையில் எண் போட்டு எழுதினேன். ஒன்று, உங்கள் தங்கை அனுமதியோடு, தன் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு, லீவு மறுத்த தாளின் நகலும் அன்றைய அட்டவணையும் இத்துடன் உள்ளன. மூன்று, பட்டியல் தவறு; தவறு என்னுடையது. நான்கு, எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னதும் நான். ஐந்தாவதாக மன்னிப்பு என்று தொடங்கி அழித்துவிட்டேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

அதிகாரிக்கும் ஒரு நகல் வைத்தேன். இரண்டு உறைக்கும் பசை தடவி, ஓரம் பிரியாமல் விரலால் அழுத்தித் தேய்த்தேன்.

தபால் நிலையத்தில் எடை போட்ட அம்மா, "உள்ள என்னங்க?" என்றார்.

"தாள்தாம்மா."

முத்திரை குத்தி, இரண்டையும் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.