எந்தச் சங்கு

"வேலை செய்யாத நாளுக்கும் பாதிக் கூலி உண்டாமே, மெய்யா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"சட்டம் அப்படித்தான் சொல்லுதாம். யூனியன் ஆபீசுல ஆபித் பாஷா படிச்சிக் காட்டினான்."

"அப்போ கேட்டு வாங்குங்க."

"தோலையே தொடாத கைய நீட்டி இன்னான்னு கேக்கறது? அவங்களா குடுத்தா வாங்கிக்கலாம்."

ஆம்பூரில் அந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் பாய்லரை அணைத்த அன்று அவளுக்கும், அங்கே வேலை செய்த அவள் கணவன் ஜெபசீலனுக்கும் நடந்த பேச்சு இது. வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய் ஆட்களை லே-ஆஃப் என்று தற்காலிகமாக நிறுத்தியிருந்தார்கள். வேலை திரும்பும்வரை பாதிக் கூலி உண்டு. ஆனால் தினமும் காலையில் வேலை நேரத்துக்கு ஷாப் வாசல் கேட்டண்டை போய், டயம் கீப்பர் சீனிவாசனிடம் பெயரைச் சொல்லிவிட்டு வரவேண்டும். வேலை இல்லை என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒருவன் வேலைக்குப் போவது ஜெயசீலிக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தச் சட்டத்தை எழுதினவர் வீட்டில் மனைவி அவரை எப்படித்தான் சமாளித்தாளோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

சம்பள நாளில் அந்தச் சிரிப்பு போயிற்று. ஜெபசீலன் வெறுங்கையோடு வந்தான். ஒருநாள்கூட நேரத்துக்கு வரவில்லை என்று சீனிவாசன் எழுதிவைத்திருந்தாராம். அவனுக்கு மட்டுமல்ல, அவர்கள் லைன் வீட்டு வரிசையில் இருந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் அப்படியே. தினமும் பெயரைக் கேட்டுக்கொண்டு, "சரி, போ" என்றுதான் அனுப்பினாராம். தாமதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவன் சோற்றில் கைவைத்தான். இனி கோலார் பக்கம் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்றான். அவளுக்கு அது ஏழாம் மாசம்.

அவன் போய்விடுவானே என்ற பயம் ஒரு பக்கம் இருக்க, எப்படித் தாமதமாகும் என்ற கேள்வி ஜெயசீலியை விடவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் பிந்திப் போகாத மனிதன். ஒருத்தன் தூங்கியிருக்கலாம். லைன் முழுக்கவா தூங்கும்?

மறுநாள் காலை அடுப்பை மூட்டிவிட்டு அவனையே கவனித்தாள். அவன் முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டு மோசஸும் அப்படியே உட்கார்ந்திருந்தான். யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து எங்கோ ஆலைச் சங்கு ஊதியது. லைன் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது.

"கொஞ்சம் இருங்க. அது எந்தச் சங்கு?"

"இன்னா கேள்வி இது? நம்ம ஷாப் சங்குதான்."

"உங்க பாய்லர்தான் அணைஞ்சி கெடக்குதே. ஆவி இல்லாம எப்டி ஊதும்?"

ஜெபசீலன் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஷாப்பின் சங்கு அது. அங்கே வேலை அரைமணி பிந்தித் தொடங்கும். முன்பெல்லாம் இவர்கள் தோலைத் தொட்டியில் அலசிக்கொண்டிருக்கும்போது கேட்கிற சத்தம்; அப்போது யார் காதில் அது விழுந்தது? இத்தனை நாளாக அவளும் அதைக் கேட்டுத்தான் உலை வைத்திருந்தாள்.

"நம்ம தப்புதான் அப்போ," என்றான் அவன், இனிக் கேட்கவேண்டியதில்லை என்று ஏதோ பாரம் இறங்கினவன்போல.

"சங்க நிறுத்தினது நீங்களா? வேற எத வெச்சி வருவான் ஆளு? இத்தன வருஷமா அதானே எழுப்பிச்சி?"

அவன் நடந்தான். அவள் அடுப்பை அவித்துவிட்டுப் பின்னாலேயே போனாள். வேண்டாம் என்று அவன் திரும்பிப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தாள். மோசஸ் சிரித்து, "அண்ணி, உங்க பேரயும் எழுதிப்பாரா சீனிவாசன்?" என்று கேட்டான்.

கேட்டில் சீனிவாசன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டிருந்தார். ஜெபசீலன் முறை வந்தது. பெயரைச் சொன்னான். "சரி, போ" என்றார் அவர், நிமிராமலே.

அவன் போகவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. சங்கு நின்றுபோனதை, பக்கத்துச் சங்கைக் கேட்டு வந்ததை, தாமதம் என்று ஒருநாளும் யாரும் சொல்லாததை அவன் திக்கித் திக்கிச் சொன்னான். சீனிவாசன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்றே?"

பாய்லர் அணைந்த நாளிலிருந்து அவன் கேட்கக் கூசி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"எங்க பாதிக் கூலிய எங்களுக்குக் குடுங்க சார்."